பரம்பரைப் பூசை உரிமை வழக்கு: கோர்ட்டுக்குப் போகும் முன் பிரித்துப் பார்க்க வேண்டியவை

பரம்பரையாகப் பூசை செய்துவரும் குடும்பத்தில் தகராறு முற்றி வக்கீலிடம் போகும்போது முதலில் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "இது எங்க பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வர்ற உரிமை." மனுவிலும் அது அப்படியே ஏறிவிடும். "மனுதாரர் மேற்படி கோயிலின் பரம்பரை உரிமைதாரர்" என்று ஒரு வரி. பல வழக்குகள் தோற்பது அந்த ஒரு வரியால்தான். அறங்காவலர் பதவி வேறு, பூசாரி வேலை வேறு. பங்காளிகளுக்குள் சுற்றிவரும் முறை ஒன்று, பரிவட்டமும் தீர்த்தமும் இன்னொன்று, மானிய நிலம் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் தனி, காலக்கெடு தனி, காட்ட வேண்டிய ஆதாரமும் தனி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனால், எதிர்த்தரப்பு அதில் மிகப் பலவீனமான ஒன்றைப் பிடித்து முழு மனுவையும் சாய்த்துவிடும்.

முதலில் கசப்பான செய்தி. தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்துக்குள் வரும் கோயிலில், அப்பா அர்ச்சகராக இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக மகன் அந்த வேலையைக் கேட்க முடியாது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு தொடக்கத்தில் வாரிசு வரிசைக்கு இடம் கொடுத்திருந்தது. 1971-ஆம் ஆண்டின் 2-ஆம் சட்டம் அதை நீக்கியது. அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள். சேஷம்மாள் வழக்கு என்று எல்லோரும் சொல்வது அதுதான். 1972 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருத்தம் செல்லும் என்றது. அர்ச்சகரை நியமிப்பது அறங்காவலர் செய்யும் உலகியல் காரியம். நியமிக்கப்பட்டவர் ஆகமப்படி (கோயில் வழிபாட்டு விதிநூலின்படி), அந்தக் கோயிலின் மரபுப்படி பூசை செய்ய வேண்டும் என்பது சமயக் காரியம் என்று அந்தத் தீர்ப்பு ஒரு கோடு போட்டது. 2015-இல் ஆதி சைவ சிவாச்சாரியார்கள் வழக்கு, 2020-ஆம் ஆண்டுப் பணி விதிகள் மீது 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சேலம் சுகவனேசுவரர் கோயில் அர்ச்சகர் நியமனம் பற்றிய 2023 தீர்ப்பு எல்லாமே அந்தக் கோட்டை ஒட்டி நடந்த வாதங்கள். ஆகமக் கோயில் எது, அந்த ஆகமம் அர்ச்சகருக்கு என்ன தகுதி சொல்கிறது என்றுதான் இன்று வாதம் ஓடுகிறது. வாரிசு என்ற ஒற்றைச் சொல்லை வைத்து இனி வாதம் செய்ய முடியாது.

ஆந்திரத்தில் கதை வேறு. அங்கே 1987-ஆம் ஆண்டின் 30-ஆம் சட்டம் அர்ச்சகர், மிராசுதாரர் (பரம்பரைப் பங்குரிமை உள்ளவர்) ஆகியோரின் பரம்பரை உரிமைகளை ஒழித்தது. திருமலையின் நான்கு அர்ச்சகக் குடும்பங்களின் மிராசும் அதில் போனது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பிறகு 2007-இல் அந்த மாநிலமே சட்டத்தைத் திருத்தி அர்ச்சகக் குடும்பங்களுக்கு மீண்டும் இடம் கொடுத்தது. இந்த 2007 திருத்தத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் படித்துவிட்டு, "இப்ப பரம்பரை உரிமை திரும்ப வந்தாச்சு" என்று நம்பி இங்கே மனுப் போடுபவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக் கோயிலுக்கு அது ஒருபோதும் பொருந்தாது.

ஆனால் 1971 திருத்தம் இரண்டு விஷயங்களைத் தொடவில்லை. ஒன்று, ஏற்கெனவே பதவியில் இருப்பவர். திருத்தம் காலியிடத்தை நிரப்புவதைப் பற்றித்தான் பேசுகிறது. இருப்பவரை வெளியேற்ற வேண்டுமானால் 56-ஆம் பிரிவின்படி குற்றச்சாட்டு, விளக்கம் கேட்டல், விசாரணை என்று போக வேண்டும். தண்டனை உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம்தான். "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொன்னதை உத்தரவாக நினைத்து வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது. மறுநாளும் போங்கள், உள்ளே விடவில்லையென்றால் அன்றே பதிவுத் தபாலில் எழுதுங்கள். இரண்டாவது, பரம்பரை அறங்காவலர் பதவி. அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அப்பா காலமானபின் மகன் பேசாமல் பூசையைத் தொடர்வதுதான் மிகப் பரவலாக நடப்பது. யாரும் தடுப்பதில்லை. பத்து, பதினைந்து வருடம் போகும். புதிய செயல் அலுவலர் வந்து "நியமன உத்தரவு எங்கே" என்று கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. சம்பளப் பட்டியலில் இறந்தவர் பெயரே இருக்கும், அல்லது யார் பெயருமே இருக்காது. காரியம் முடிந்த சில வாரங்களுக்குள் அறங்காவலருக்கோ, அவர் இடத்தில் துறை நியமித்த தக்காருக்கோ எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதில் "வாரிசு அடிப்படையில்" என்று மட்டும் எழுதினால் 55-ஆம் பிரிவைக் காட்டி ஒரே வரியில் நிராகரிப்பார்கள். எத்தனை வருடம் உதவியாக இருந்தீர்கள், எங்கே ஆகமப் பயிற்சி, தீட்சை உண்டா, அந்தக் கோயிலின் நித்திய (அன்றாட), நைமித்திக (விசேஷ நாள்) வழக்கங்களில் என்னென்ன தெரியும் என்று தகுதியை எழுதுங்கள். தற்காலிக நியமனமானாலும் தேதியோடு ஓர் உத்தரவு வாங்கிவிடுங்கள்.

பூசாரியா, தர்மகர்த்தாவா?

அய்யனார், மாரியம்மன், அங்காளம்மன் என்று கிராமத்துக் கோயில்களில் ஒரே குடும்பம்தான் சாவி வைத்திருக்கும், பூசை செய்யும், திருவிழா நடத்தும், வரவு செலவும் பார்க்கும். ஊர்க்காரர்களுக்கு அவர் "பூசாரி". சட்டத்துக்கு அவர் இரண்டு பேர். பூசை செய்யும் அளவில் ஊழியர், நிர்வாகம் செய்யும் அளவில் அறங்காவலர். பரம்பரை அறங்காவலர் என்று அறிவிக்கக் கேட்டால் 63-ஆம் பிரிவின் (ஆ) உட்பிரிவில் இணை ஆணையரிடம் மனுப் போடலாம்.

இங்கே ஒரே தவறு மீண்டும் மீண்டும் நடக்கிறது. கேட்பது அறங்காவலர் பதவி; கொடுக்கும் ஆதாரங்கள் எல்லாம் பூசை செய்ததற்கானவை. கும்பாபிஷேகப் பத்திரிகையில் "பூசாரி இன்னார்" என்று அச்சிட்டிருக்கும், பூசை செய்யும் போட்டோ இருக்கும், சாட்சிகளும் "இவங்க தாத்தாதான் பூசை பண்ணாரு" என்பார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலையே இல்லை. "ஆமாம், பூசாரிதான், அறங்காவலர் இல்லை" என்று உட்கார்ந்துவிடுவார். நிர்வாகத்தைக் காட்டும் காகிதம் வேண்டும். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டது யார், கிஸ்தி (நிலவரி) கட்டிய ரசீது யார் பெயரில், மின் இணைப்புக்குக் கையெழுத்திட்டது யார், மேளக்காரருக்கு முன்பணம் கொடுத்த சீட்டில் யார் பெயர், தணிக்கைக்குக் கணக்கு ஒப்படைத்தது யார் என்று தேடுங்கள். அந்த நிர்வாகம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியதையும் காட்ட வேண்டும். ஊர் கூடி ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்திருந்தால் அது பரம்பரை ஆகாது. நாகப்பட்டினம் வட்டம் மஞ்சக்கொல்லை குமரன் கோயில் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அங்கே சமூகத்தார் கூடித் தேர்ந்தெடுத்தவர்களைப் பரம்பரை அறங்காவலர் என்று ஏற்கவில்லை.

இன்னொரு குழி: "இது எங்கள் குடும்பக் கோயில், துறைக்கு இதில் வேலையில்லை" என்று ஒரு மனு, அது தோற்றதும் "நாங்கள் பரம்பரை அறங்காவலர்கள்" என்று அடுத்த மனு. முதல் மனுவில் ஊர்மக்களுக்கு வழிபாட்டு உரிமையே இல்லை என்று சத்தியம் செய்திருப்பீர்கள். இரண்டாவதில் ஊர்க்கோயிலை நிர்வகித்தோம் என்பீர்கள். முதல் பிரமாணப் பத்திரம் இரண்டாவது வழக்கில் உங்களுக்கு எதிரான சான்றாவணமாகவே வந்து நிற்கும். உண்டியல், ஊர் வரி, பொதுத் திருவிழா, கோயில் பெயரில் மானியம் இவை இருந்தால் தனியார் கோயில் வாதத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

63-ஆம் பிரிவு மனு ஏறக்குறைய ஒரு சிவில் வழக்கு மாதிரிதான் நடக்கும். சாட்சி, குறுக்கு விசாரணை, சான்றாவணக் குறியீடு எல்லாம் உண்டு. "ஆபீஸ் விசாரணைதானே" என்று வக்கீல் இல்லாமல், ஒரே ஒரு சாட்சியோடு போகிறவர்கள் நிறைய. அங்கே பதிவாகும் சாட்சியம்தான் கடைசி வரை கூடவே வரும். இணை ஆணையர் உத்தரவுமேல் 69-ஆம் பிரிவில் ஆணையரிடம் மேல்முறையீடு, 60 நாள். ஆணையர் உத்தரவுமேல் 70-ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் வழக்கு, 90 நாள். அந்தத் தீர்ப்பாணைமேல் உயர் நீதிமன்றம், மறுபடியும் 90 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாள்கள் கழியும். அதனால் உத்தரவு கைக்கு வந்த அன்றே நகல் மனுப் போட்டு, அதன் தேதியைக் குறித்து வையுங்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டி நேராக சிவில் கோர்ட்டுக்குப் போனால் 108-ஆம் பிரிவு வழியை மறிக்கும். வழக்கு நான்கைந்து வருடம் நடந்தபின் "இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை" என்று திரும்பி வந்த வழக்குக் கட்டுகள் எத்தனையோ.

மரியாதை

பரிவட்டம், மாலை, முதல் தீர்த்தம், சடாரி. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சின்ன விஷயம். ஊரில் இருப்பவருக்கு இது ரத்தம் சிந்தும் விஷயம். மரியாதையை மட்டும் கேட்டு சிவில் வழக்கு போட முடியாது. ஒரு பதவியோடு, அதன் ஊதியத்தின் பகுதியாகச் சேர்ந்திருந்தால் அந்தப் பதவியைக் கேட்கும் வழக்கில் மரியாதையும் கூட வரும். ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் இரண்டு ஜீயர்களுக்கு நடுவே எழுந்த வழக்கில் 1961-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய கொள்கை இது. ஆகவே மனுவில் முதலில் பதவிக்குப் பெயர் வேண்டும், பிறகு அதன் கடமை, பிறகு அந்தக் கடமைக்காகக் கிடைப்பது. "திருவிழாவில் எங்களுக்கு முதல் மரியாதை" என்று மட்டும் எழுதினால் கால் ஊன்ற இடமிருக்காது. பதவி இல்லாமல் வழக்கத்தால் வரும் மரியாதை என்றால் சிவில் கோர்ட் வேண்டாம். 63-ஆம் பிரிவின் (உ) உட்பிரிவு அதற்காகவே இருக்கிறது.

வரிசையும் வார்த்தையும் எவ்வளவு துல்லியமாக எழுதப்பட வேண்டும் என்பதற்குக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலைப் பார்க்கலாம். அத்யாபக மிராசு, அதாவது சன்னிதியில் பிரபந்தம் ஓதும் பரம்பரை உரிமை, வைணவப் பிரிவுகள் இரண்டில் தென்கலையாருக்கு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 1882-இல். இன்றுவரை ஒவ்வொரு வழக்கிலும் அந்தத் தீர்ப்பை எடுத்துப் படிக்கிறார்கள். 2022-இல் யார் எந்த வரிசையில் உட்காருவது, தென்கலையாரின் தொடக்கச் சுலோகமான ஸ்ரீசைலேச தயாபாத்ரம் முதலா, வடகலையாரின் ராமானுஜ தயாபாத்ரம் எப்போது என்பது வரை இடைக்கால உத்தரவில் எழுத வேண்டிவந்தது. கோஷ்டி (ஓதும் குழு), தனியன் (தொடக்கத் துதி), வாழித்திருநாமம் (முடிவு வாழ்த்து), புறப்பாடு, உள்பிரகாரம் என்று ஒவ்வொன்றிலும் வழக்கம் என்ன என்பதைப் பிரித்துச் சொல்லாத மனுவால் அங்கே ஒரு அடிகூட நகர முடியாது.

முறைக் கணக்கு

பங்காளிகளுக்குள் வரும் சண்டையில் முக்கால்வாசி கணக்குச் சண்டை. இதைச் சரியாகப் போட்டாலே பல வழக்குகள் வராது.

முதல் குழப்பம் பங்கு. மூத்தவருக்கு மூன்று மகன்கள், இளையவருக்கு ஒரு மகன். நான்கு பேரும் சம பங்கு கேட்பார்கள். குடும்பத்தில் வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை பங்கு கிளைவாரியாகத்தான் இறங்கும். இளையவர் மகனுக்குப் பாதி, அதாவது வருடத்தில் ஆறு மாதம். மூத்தவரின் மகன்களுக்கு ஆறில் ஒன்று வீதம், ஆளுக்கு இரண்டு மாதம். இதைக் கேட்டதும் மூத்த கிளையில் கோபம் வரும். ஆனால் வம்சாவளியைத் தாளில் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது மாதம். நான்கு பங்காளிகள் சித்திரையில் தொடங்கி மாதம் ஒருவராகச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நான்கால் மீதியில்லாமல் வகுபடும். அதனால் முதல் பங்காளிக்கு எல்லா வருடமும் சித்திரை, ஆவணி, மார்கழி. நான்காமவருக்கு எல்லா வருடமும் ஆடி, கார்த்திகை, பங்குனி. அம்மன் கோயிலில் ஆடி வெள்ளிகளும், கார்த்திகைத் தீபமும், பங்குனி உத்திரமும் ஒரே வீட்டுக்குப் போய்விடும். ஆனியும் ஐப்பசியும் மாசியும் வாங்கியவர் வருடம் முழுக்கத் தட்டில் விழும் காசை எண்ணிப் பார்த்துப் புழுங்குவார். முதல் தலைமுறை பொறுத்துக்கொள்ளும், இரண்டாவது தலைமுறை கோர்ட்டுக்குப் போகும். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பங்கு எதுவானாலும் இதே சிக்கல்தான். ஐந்து பங்கு என்றால் மீதி இரண்டு வந்து தானாகவே நகர்ந்துவிடும். தீர்வு எளிது. ஒவ்வொரு சித்திரையிலும் அடுத்த பங்காளியிலிருந்து தொடங்குவது என்று ஒரு வரி எழுத வேண்டும். வார முறையிலும் இதைப் பாருங்கள். மூன்று பங்குக்கு 52 வாரத்தில் ஒன்று மிஞ்சுவதால் சுழலும். நான்கு பங்குக்கு மிஞ்சாது. வருடத்துக்கு ஓரிரு நாள்தான் நகரும்.

மாதத்தை மூன்று பேர் பிரித்துக்கொள்ளும் பத்து நாள் முறை இன்னும் மோசம். தமிழ் மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை உண்டு. ஆனியில் 31, 32-ஆம் தேதிகள் யாருக்கு? மார்கழியில் 29 நாள்தான் வந்தால் கடைசி பங்காளிக்கு ஒன்பது நாள்தானா? மாதக் கணக்கை விட்டுவிட்டு நாளைத் தொடர்ச்சியாக எண்ணுவது ஒரு வழி. உபரி நாளைப் பொதுவாக வைத்து அந்த வருமானத்தைச் சன்னிதி விளக்குக்கான எண்ணெய்க்குச் சேர்ப்பது இன்னொரு வழி, எனக்கு இது பிடித்தமானது. எதுவானாலும் எழுதிவையுங்கள். எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் எழுத வேண்டும். மாதப் பிறப்பில் வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஒரு நாள் வித்தியாசம் வருவதுண்டு. அந்த ஒரு நாள் ஆடி முதல் வெள்ளியாக அமைந்தால் இரண்டு பேரும் தாம்பாளத்தோடு சன்னிதியில் நிற்பார்கள். கோர்ட் தீர்ப்பாணையில் "ஜனவரி முதல் மார்ச் வரை" என்று எழுத விட்டுவிடாதீர்கள். கோயில் தை பிறப்பைப் பார்க்கும், கோர்ட் அமீனா ஒன்றாம் தேதி பார்ப்பார்.

காப்புக் கட்டுவது ஒருவர் முறையில், தேரும் தீர்த்தவாரியும் அடுத்தவர் முறையில் விழுந்தால் என்ன? காப்புக் கட்டியவரே இறக்குவது என்பதுதான் பெரும்பாலான கோயில்களில் வழக்கம். வழிபாட்டுக்கும் அதுதான் சரி. ஆனால் திருவிழா வருமானத்தைத் தனியாக எடுத்துப் பங்குவாரியாகப் பிரிக்காவிட்டால் அடுத்த பங்காளி அந்த வழக்கத்தை ஏற்க மாட்டார். எவையெல்லாம் வருமானம் என்று பட்டியல் போடுங்கள்: தட்டுக்காசு, அர்ச்சனைச் சீட்டில் பங்கு, சாத்திய புடவை, நைவேத்திய அரிசி, பலியிட்ட ஆட்டின் தலையும் தோலும். ஆட்டுத் தலைக்காக நடந்த வழக்குகள் இருக்கின்றன. அது வெட்கப்பட வேண்டியதும் இல்லை. பல பூசாரி வீடுகளில் அதுதான் சம்பளம்.

பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் எல்லாக் கிளைக்கும் ஒரே நேரத்தில் தீட்டு. குடும்பத்தில் ஒருவர்கூட கருவறைக்குள் போக முடியாது. வழக்கமாக மாமன், மைத்துனர் வழியில் ஒருவரைப் பதிலியாக வைப்பார்கள். வயதானவர், வெளியூரில் வேலை பார்ப்பவர், சின்னப் பையனை விட்டுவிட்டுத் தகப்பன் இறந்த வீடு, இவர்களுக்கும் பதிலிதான் கதி. தீட்டுக்கு வந்த பதிலி பத்து நாளில் போய்விடுவார். வெளியூர்க்காரர் வைத்த பதிலி போக மாட்டார். காலவரையறைச் சட்டத்தின் 107-ஆம் இனப்படி பரம்பரைப் பதவியை மீட்க 12 வருடம். ஒருவர் உங்களுக்கு எதிராக அதைத் தன்னுடையது என்று கைப்பற்றியதிலிருந்து கணக்கு. பதவிக்குச் சொத்து இருந்தால் அதன் வருமானத்தை யார் வாங்குகிறாரோ அவரே அனுபவிக்கிறார் என்று சட்டம் பார்க்கும். சொத்து இல்லையென்றால் கடமையைச் செய்பவர். எனவே பதிலியோடு ஒரு வெள்ளைத்தாள் ஒப்பந்தமாவது வேண்டும். "இன்னாருக்காக, இத்தனை ரூபாய்க்கு, இந்தத் தேதி வரை" என்று எழுதி வருடாவருடம் புதுப்பித்து, கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். மானிய நிலத்தின் வருமானத்தை எந்தக் காரணத்துக்கும் பதிலி நேரடியாக வாங்க விடாதீர்கள்.

பலர் கவனிக்காதது அதே காலவரையறைச் சட்டத்தின் 104-ஆம் இனம். குறித்த காலத்தில் திரும்பத் திரும்ப வரும் உரிமையை நிலைநாட்ட மூன்றே வருடம், முதன்முறை மறுக்கப்பட்ட நாளிலிருந்து. முறை அப்படி வரும் உரிமைதான் என்று எதிர்த்தரப்பு வாதிடும். "பன்னிரண்டு வருஷம் இருக்கு" என்று ஆறு வருடம் பேச்சுவார்த்தையில் ஓட்டியவர் இங்கே மாட்டிக்கொள்வார். மறுப்பு வந்தால் மூன்று வருடத்தைக் கெடுவாக வைத்தே செயல்படுங்கள்.

மகள் கேட்டால்? 1918-இலேயே சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, கோயில் அர்ச்சகப் பதவிக்குப் பெண் வாரிசாகலாம் என்றது. 1955-இல் உச்ச நீதிமன்றம் பூசாரிப் பதவிக்குப் பெண் வாரிசாகி, தகுதியான பதிலியை வைத்துப் பூசையை நடத்தலாம் என்றது. 2008-இல் உசிலம்பட்டி வட்டாரத் துர்க்கை அம்மன் கோயில் வழக்கில், நோயுற்ற அப்பாவுக்குப் பதிலாகப் பூசை செய்துவந்த மகளை ஊர்க் கூட்டம் போட்டுத் தடுத்தபோது, நீதிபதி கே. சந்துரு அவர் பக்கம் தீர்ப்பளித்தார். "பொம்பளைப் பிள்ளைக்கு முறை கிடையாது" என்பதைச் சட்டமாக நினைத்துப் பாகப்பிரிவினையில் மகளை விட்டுவிட்டால் அந்தப் பத்திரமே பின்னால் சிக்கலாகும். மகளிடம் பேசி, வேண்டுமானால் விடுதலைப் பத்திரம் வாங்குங்கள். அவர் முறையைச் செய்யவே விரும்பினால் அதற்கு இடம் கொடுப்பதுதான் நியாயம் என்பது என் எண்ணம். முறையை அந்நியருக்கு விற்பதும் ஒத்தி வைப்பதும் வேறு, அது செல்லாது. 

காகிதம்

எல்லா வழக்குக்கும் தாய்க் காகிதம் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர், அதாவது மானிய நிலங்களின் பதிவேடு. 1860-களில் இனாம் கமிஷன் எழுதியது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ சான்றிட்ட நகல் கிடைக்கும். ஊர்ப் பெயர் மாறியிருக்கும், வட்டம் மாறியிருக்கும். அந்தக் காலத்துத் தாலுகா பெயரைத் தெரிந்துகொண்டு மனுப் போடுங்கள். கையில் வந்ததும் நில அளவைப் பார்ப்பதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள். மானியம் யாருக்கு என்ற இடத்தில் சாமி பெயர் இருக்கிறதா, ஆள் பெயர் இருக்கிறதா? எதற்கு என்ற இடத்தில் கோயிலை நடத்தவா, பூசை செய்யும் ஊழியத்துக்கா? முடிவு என்ற கடைசிப் பத்தியில் ஊழியம் நடக்கும் வரை என்று நிபந்தனை இருக்கிறதா? தேவதாயம் (சாமிக்கு விட்ட மானியம்) என்று எழுதி, சாமி பெயரைப் போட்டு, பக்கத்தில் பூசாரியின் பெயரையும் எழுதியிருந்தால் நிலம் கோயிலுடையது, பூசாரி அனுபவிப்பவர் மட்டும் என்றே பெரும்பாலும் பொருள் கொள்வார்கள். ஆனால் அதே வரி, 1860-களிலேயே உங்கள் குடும்பம் அந்தக் கோயிலில் ஊழியம் செய்ததற்கு அசைக்க முடியாத சாட்சி. நிலத்துக்கு எதிரான காகிதம் பதவிக்கு ஆதரவாக நிற்கும். இரண்டையும் ஒரே மனுவில் கேட்டவர் இந்தக் காகிதத்தைக் காட்டவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் திணறுவார்.

அதற்கு அடுத்து, 1927-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் கீழ் இருந்த வாரியத்தின் உத்தரவுகள். அந்தச் சட்டத்தின் 84-ஆம் பிரிவில் யார் பரம்பரை அறங்காவலர் என்று முடிவு செய்த உத்தரவு உங்கள் தாத்தா பெயரில் இருக்கலாம். வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கும். கோயிலின் சொத்துப் பதிவேடு, நிர்வாகத் திட்டம், பழைய சம்பளப் பட்டியல், 1963-ஆம் ஆண்டின் 26, 30-ஆம் சட்டங்களின்படி நடந்த இனாம் ஒழிப்பு விசாரணைக் கோப்புகள், 'அ' பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) எல்லாவற்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் தனித்தனி மனுப் போடுங்கள். ஒரே மனுவில் பத்து ஆவணம் கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். ஓலையும் பழைய முறைச்சீட்டும் இருந்தால் லேமினேட் செய்துவிடாதீர்கள். 30 வருடம் கடந்த ஆவணத்துக்குச் சட்டம் தரும் அனுமானம், அது முறையான காவலிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தது. யார் வீட்டுப் பெட்டியில், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.

சாவியைப் பூட்டிக்கொள்ளும் கட்டம் வந்தால் போலீஸ், பிறகு தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் முன் சமாதானக் கூட்டம். அவசரத்தில் கையெழுத்திடும் அந்த நடவடிக்கைக் குறிப்புதான் பிறகு கோர்ட்டில் முதலில் நீட்டப்படும் காகிதம். "இந்த வருடம் மட்டும்", "யாருடைய உரிமைக்கும் பாதகமின்றி" என்ற இரண்டு சொற்றொடரும் அதில் ஏறாமல் கையெழுத்திடாதீர்கள். அந்தக் குறிப்பின் நகலை அன்றே வாங்குங்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து பூசையை நிறுத்தினால் தக்கார் நியமனம் வந்து சேரும். வந்தபின் நிர்வாகம் குடும்பத்துக்குத் திரும்ப வருடக் கணக்கில் ஆகும். சண்டை உச்சத்தில் இருந்தாலும் ஒரு கால பூசையாவது நடக்க ஏற்பாடு செய்யுங்கள். சாமிக்கு விளக்கில்லாமல் போட்டுவிட்டு உரிமை கேட்பது மனசுக்கும் ஒப்பாது, நீதிபதிக்கும் ஒப்பாது.

சமரசம் பேசி முடித்தால் அதைத் தீர்ப்பாணையாக்குங்கள், அல்லது மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்குள் எழுதிய முச்சலிக்கா (ஒப்பந்தச் சீட்டு) அடுத்த மருமகன் வரும்வரைதான் நிற்கும். கோயில் தரப்பை, அதாவது அறங்காவலரையோ செயல் அலுவலரையோ கட்சியாகச் சேர்க்காத சமரசம் பங்காளிகளைக் கட்டும், கோயிலைக் கட்டாது. புதிய அலுவலர் அதைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. உடன்படிக்கையோடு இணைப்பாக அடுத்த நான்கைந்து வருடத்துக்கான முறைப் பட்டியலைத் தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் போட்டுச் சேருங்கள். முறை மாறும் நேரம் அர்த்தசாமப் பூசைக்குப் பிறகா, மறுநாள் காலை நடை திறக்கும் முன்பா என்று குறியுங்கள். ஒப்படைப்புப் பட்டியலில் நகை கிராம் கணக்கிலும், பித்தளைப் பாத்திரம் கிலோ கணக்கிலும், கவசத்தின் உடைந்த பகுதிகள் போட்டோவோடும் இருக்க வேண்டும். கொடுப்பவர், வாங்குபவர், மூன்றாவதாகப் பங்காளியல்லாத ஒருவர் என்று மூன்று கையெழுத்து வாங்குங்கள். சாவி ஒன்றுக்கு மேல் இருந்தால் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.